கருப்பை இல்லாதவனின் கருத்து

"கருக்கலைப்பு குடும்பத்தைக் காக்கிறதா, காயப்படுத்துகிறதா?" என்ற பட்டிமன்றத்தில், "காயப்படுத்துகிறது" அணியின் இரண்டாவது உரை.

நடுவர் அவர்களுக்கு வணக்கம். மேடையில் இருக்கும் இரண்டு அணி நண்பர்களுக்கும் வணக்கம். வானம் இருட்டிக்கொண்டு வந்தும் நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய வணக்கம்.

ராத்திரி கண் விழித்து நான் ஒரு பேச்சை எழுதி வைத்திருந்தேன். அதைப் பேச விடாமல் செய்துவிட்டார் எனக்கு முன்னால் பேசிய சகோதரி. முடிக்கும்போது என் பக்கம் விரலை நீட்டி ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "கருப்பை இல்லாதவருக்கு இதில் கருத்து எதற்கு?" அடேயப்பா, என்ன கைதட்டல்! பந்தலே ஆடிப்போனது. நான் ஒன்றைக் கவனித்தேன். தட்டியவர்களில் பாதிப் பேர் ஆண்கள். முதல் வரிசையில் ஓர் அண்ணன் எழுந்து நின்றே தட்டினார். பக்கத்து நாற்காலியில் அவர் வீட்டுக்காரம்மா. அவர் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கணவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் வருகிறேன்.

சகோதரி, கேள்வி அருமை. ஆனால் அந்தக் கேள்வியைச் சட்டமாக்கினால் இன்றைக்கு யார் யார் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று யோசித்தீர்களா? நான் கிளம்ப வேண்டும். எங்கள் அணித் தலைவர் கிளம்ப வேண்டும். உங்கள் அணியிலேயே கடைசியாகப் பேசுவதற்காகக் கோட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறாரே வக்கீல் தம்பி, அவரும் கிளம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லவே வாய் கூசுகிறது, நடுவர் அய்யாவிடமும் அந்த உறுப்பு கிடையாது. அப்புறம் தீர்ப்பை யார் சொல்வது? மைக் செட்காரரா? அவருக்கு என்னைவிடப் பெரிய மீசை!

உள்ளூர் மீசைகளை விடுங்கள். எதிரணியில் முதலில் பேசிய பேராசிரியர் அவர்கள் தொடக்கத்திலேயே, கருக்கலைப்பு பற்றிய அமெரிக்காவின் ரோ வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பெண்ணுக்கு உரிமை தந்த தீர்ப்பு" என்றார். 1973 ஜனவரி. அன்றைக்கு அந்த உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஒன்பது பேரும் ஆண்கள். அங்கே முதல் பெண் நீதிபதி வந்து உட்கார்ந்ததே 1981-ல்தான். ஏழு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. அந்த ஏழு ஆண்கள் உங்களுக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னபோது யாரும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லையே! நம் ஊருக்கு வாருங்கள். 1964-ல் கருக்கலைப்பைச் சட்டமாக்கலாமா என்று ஆராய இந்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் பெயர் சாந்திலால் ஷா. பெயரைக் கேட்டாலே தெரியும், அவரும் நம்ம கட்சி. அந்தக் குழு சொல்லித்தான் 1971 சட்டம் வந்தது. ஆக, ஆண்பிள்ளை "கலைக்கலாம்" என்று சொன்னால் முற்போக்கு. "கொஞ்சம் பொறு, யோசிப்போம்" என்று சொன்னால் "உனக்கென்னய்யா தெரியும், உட்காரு". எந்த ஊர் நியாயம் நடுவர் அவர்களே இது?

சரி, கருப்பை இல்லாதவர்கள் கருத்தே சொல்லாமல் இருக்கிறார்களா வீட்டில்? ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த அண்ணி யூடியூபில் பார்த்துவிட்டு நாளைக் காலையில் என் வீட்டு வாசலில் நிற்பார்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர். வயது நாற்பத்தைந்து. அண்ணிக்கு நாற்பத்தொன்று. பெண் பிளஸ் டூ, பையன் ஒன்பதாம் வகுப்பு. "நம்ம கடமை முடிஞ்சுது" என்று அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்த நேரம் பார்த்து, அண்ணிக்கு நாள் தள்ளிப்போகிறது. முதலில் "வயசாகுது, அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் போனால், "வயசெல்லாம் ஆகல, வாழ்த்துகள்" என்கிறார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் அவசரக் கூட்டம். நான் ஏணி இரவல் கேட்கப் போனவன். போனவனையும் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வாக்கியமே என்ன தெரியுமா? "ஆளுக்கு ரெண்டு நிமிஷம். சுருக்கமா பேசணும்." நம்ம நடுவர் அங்கேதான் பயிற்சி எடுத்திருப்பார் போலிருக்கிறது!

முதலில் மாமியார். "இந்த வயசுல இது எதுக்கு? பேத்திக்கு வளைகாப்பு போடுற நேரத்துல மருமகளுக்குப் போடவா? ஊரு சிரிக்கும்." அடுத்தது மகள்: "அய்யோ, என் பிரெண்ட்ஸ் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" மகன் இன்னும் சுருக்கம்: "என் ரூமை யாருக்கும் தரமாட்டேன்." அண்ணன் போனில் கால்குலேட்டரைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "இது காலேஜ் முடிக்கிறப்ப எனக்கு அறுபத்தேழு வயசு. பீஸ் கட்ட பென்ஷன் பத்தாது." அண்ணியின் தம்பி வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில். "இங்கெல்லாம் இது ரொம்ப சாதாரணம் மாமா" என்று கையைத் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நெட்வொர்க் போய்விட்டது. தூக்கின கை தூக்கினபடி, திறந்த வாய் திறந்தபடி, திரையில் உறைந்துவிட்டார். மாமனார் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். "ம்ம், அவனும் கை தூக்கிட்டான். ஆதரவு ஒண்ணு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்!

அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ மேடைப் பேச்சாளன். உன் கருத்து?" நான் "ஏணியை எடுத்துக்கிறேன் சார்" என்று எழுந்துவிட்டேன்.

இவ்வளவும் நடக்கும்போது அண்ணி எங்கே? அங்கேதான். அதே கூடத்தில், ஓரமாக, கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பையனின் பள்ளிச் சட்டையை மடிக்கிறார், உதறுகிறார், மறுபடியும் அதையே மடிக்கிறார். கூட்டம் முடிந்தது. மாமனார் எழுந்து நின்று, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். அப்போதுதான் அண்ணி முதல் தடவையாக வாயைத் திறந்தார். என்ன கேட்டார் தெரியுமா?

"நாளைக்கு இஸ்திரிக்காரர் வருவார் மாமா. நாளன்னைக்குப் போலாமா?"

பின்வரிசையில் கேட்டதா? கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை. ஒரு வீட்டில் ஓர் உயிர் இருக்கலாமா கூடாதா என்று ஓட்டெடுப்பு நடக்கிறது. மாமியார் ஓட்டு, மகள் ஓட்டு, மகன் ஓட்டு, கணவர் ஓட்டு, நெட்வொர்க் போன மச்சான் ஓட்டு. ஏணி வாங்கப் போனவனுக்குக்கூட ஓட்டு இருந்தது. சுமக்கிறவளுக்கு மட்டும் இல்லை. அவள் கேட்டது ஒரு நாள் வாய்தா. அதுவும் இஸ்திரித் துணிக்காக!

சகோதரி, அந்தக் கூடத்தில் கருப்பை உள்ளவர்களும் இருந்தார்கள். மாமியாரும் மகளும். அவர்களும் கருத்துச் சொன்னார்கள். யாரிடம் உறுப்பு இருக்கிறது என்பதா இங்கே பிரச்சினை? "முடிச்சிடலாம்" என்று ஒரு வழி கையருகே இருந்ததால், அந்தக் குடும்பத்துக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. பீஸ் கட்ட என்ன வழி, அறையை எப்படிப் பிரிப்பது, அண்ணிக்கு இந்த வயதில் உடம்பு தாங்குமா, எந்த டாக்டரைப் பார்க்கலாம், இதில் ஒன்றைக்கூட யாரும் பேசவில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் காயம் என்கிறோம்.

பேராசிரியர் சவிதா ஹலப்பனவாரைச் சொன்னார். 2012-ல் அயர்லாந்து மருத்துவமனையில் உயிரைவிட்ட நம் நாட்டுப் பெண். அந்த மரணத்துக்கு எதிராக என்னிடம் வாதம் கிடையாது, இருக்கவும் கூடாது. அவர் பிள்ளை வேண்டாம் என்று போனவர் அல்ல. ஆசையாகச் சுமந்த கரு தானாகக் கலைந்துகொண்டிருந்தபோது, இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது என்று சொல்லிக் கை கட்டி நின்றார்கள். தாயைச் சாகவிட்டுவிட்டு யாரும் உயிரைப் பற்றிப் பேச முடியாது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் போயும் நான் பாடம் நடத்த மாட்டேன். இங்கே எங்கள் அணிக்கும் உங்கள் அணிக்கும் சண்டையே இல்லை. தாண்டிப் போவோம்.

ஆனால் இன்னொரு வழக்கை நீங்கள் தொடவில்லை. 2023 அக்டோபர். டெல்லி உச்ச நீதிமன்றம். திருமணமான பெண், ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மறுபடி கர்ப்பம் என்று தெரியவே மாதங்கள் ஆகிவிட்டன. 9-ஆம் தேதி கலைக்க அனுமதி கிடைத்தது. பிறகு எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், இந்தக் குழந்தை பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, கலைப்பதென்றால் முதலில் அதன் இதயத்தை நிறுத்த வேண்டும், என்ன செய்வது என்று எழுதிக் கேட்டார். நீதிபதிகளுக்கே கை நடுங்கியது. இருவர் அமர்வு இரண்டாகப் பிரிந்தது. 16-ஆம் தேதி மூன்று பேர் அமர்வு மறுத்துவிட்டது. அப்போது 26 வாரம் தாண்டியாகிவிட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பெற்றோர் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள்.

நான் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் கேட்பது வேறு. கடைசியில் அந்த ஒரு கருவுக்காக எத்தனை வக்கீல்கள், எத்தனை நீதிபதிகள், எத்தனை டாக்டர்கள் ஓடி வந்தார்கள்! இரண்டாவது பிரசவம் முடிந்து அவர் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த காலத்தில், குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ தூங்கும்மா" என்று சொல்ல இதில் நூற்றில் ஒரு பங்கு ஆட்கள் வந்திருந்தால், அந்த வழக்கு நீதிமன்றப் படி ஏறியே இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார்கள், "பெண்ணின் தேர்வு" என்று. நல்ல வார்த்தை. அந்தத் தேர்வை நம் குடும்பங்கள் எதற்குப் பயன்படுத்தின? 1950-களில் கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு மருத்துவர். தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் தேடும் கருவியை, மனித வயிற்றுக்குள் பார்ப்பதற்கு மாற்றியவர். 1958-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். பிரிட்டனில் 1967-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது அதை முன்னால் நின்று எதிர்த்தவரும் அவர்தான். அவர் குழந்தையைப் பார்ப்பதற்குக் கொடுத்த கண்ணாடியை வைத்து நாம் என்ன பார்த்தோம்? ஆணா பெண்ணா என்று பார்த்தோம்! இந்தியாவில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள். 2001-ல் 927. நடுவில் 1994-ல் சட்டம் போட்டும் இந்தக் கதி. ஸ்கேன் சென்டர் சுவரில் இன்றைக்கும் "பாலினம் சொல்வது சட்டப்படி குற்றம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, யாருக்காக? அந்தப் பெண் குழந்தைகளை எல்லாம் தாய்மார்கள்தான் தேர்ந்தெடுத்து அழித்தார்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பின்னாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது!

"வளர்க்க வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்றும் கேட்டார்கள். 1992-ல் சேலத்தில் அரசே தொட்டிலைக் கட்டி வைத்தது. பெண் பிறந்தால் கொன்றுவிடாதே, இங்கே போட்டுவிட்டுப் போ, நான் வளர்க்கிறேன் என்று ஜெயலலிதா அரசு சொன்னது. அந்தத் திட்டத்தில் குறை இருக்கலாம். ஆனால் பெற்றவள் ஒருத்தி மட்டும் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று சொன்னதா இல்லையா? அவ்வளவுதான் எங்கள் அணி கேட்பதும்.

அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் எங்கெங்கோ போய்விட்டேன். வாருங்கள்.

இஸ்திரிக்காரர் வந்து போய்விட்டார். அடுத்த நாள் காலை. அண்ணன் வராந்தாவில். உள்ளே அண்ணியும் ஒரு சிஸ்டரும். இது அண்ணி என் மனைவியிடம் சொன்னது. சிஸ்டர் ஒரு ஃபாரத்தை எடுத்து வைக்கிறார். அண்ணி, "அவரைக் கூப்பிடவா? அவர்தான் கையெழுத்தெல்லாம் போடுவார்" என்கிறார். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலிருந்து பேங்க் வரைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். சிஸ்டர் சொல்கிறார்: "வேண்டாம்மா. இதுல அவர் கையெழுத்துக்கு இடமே இல்ல. உங்க சம்மதம் மட்டும்தான். உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "இதை நீங்க எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?"

"கேக்கணும்மா, சட்டம்."

"எங்க வீட்ல யாரும் கேக்கல சிஸ்டர்."

பேனாவை ஃபாரத்தின் மேல் குறுக்காக வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். எழுந்து வெளியே வந்துவிட்டார். அண்ணன், "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்கிறார். "முடிஞ்சுது, வாங்க" என்கிறார் அண்ணி. ஆட்டோவில் ஏறிப் பாதி தூரம் வந்த பிறகுதான் சொல்கிறார், "நான் கையெழுத்துப் போடல" என்று. அண்ணன் கத்த, அண்ணி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்ள, இவர்கள் சத்தத்தில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். திரும்பிப் பார்த்து, "நானும் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் வர்றேன். அக்கா சொல்றதுதான் சார் சரி" என்றாராம். பார்த்தீர்களா சகோதரி? கருப்பை இல்லாத இன்னொருத்தர் கருத்து! ஆனால் அந்த வீட்டு விவகாரத்தில் அண்ணி பக்கம் விழுந்த முதல் ஓட்டு அதுதான்.

குழந்தை பிறந்தது. பெண். மாமனார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "நான் அன்னைக்கே கலைக்க வேணாம்னு சொன்னேன், யாரு கேட்டா?" என்கிறார். நோட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை! பையன் தன் அறைக் கதவில் "அனுமதி இன்றி உள்ளே வரக்கூடாது" என்று எழுதி ஒட்டினான். வாசிக்கத் தெரியாதவள் உள்ளே போய்க்கொண்டே இருந்தாள்.

வக்கீல் தம்பி குறிப்பு எழுதுகிறார், பார்க்கிறேன். என்ன எழுதுகிறார் என்பதும் தெரியும். "பார்த்தீர்களா, கடைசியில் சட்டமும் தேர்வும்தானே அந்த அம்மாவைக் காப்பாற்றின?" தம்பி, எழுதிக்கொள். ஆமாம். சட்டம் கேட்ட கேள்வியைக் கட்டின புருஷன் கேட்கவில்லை, இதுதானப்பா என் வழக்கே! இன்றைய தலைப்பு சட்டமா? குடும்பம். சட்டத்தை மாற்று என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அண்ணிக்கு ஒரு சிஸ்டர் கிடைத்தார், ஒரு ஃபாரம் கிடைத்தது. கிடைக்காதவர்கள்? 2015-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் என்று 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிப் படியையே மிதிக்காமல், மாத்திரையில் முடிந்தவை. சட்டம் டாக்டர் வேண்டும் என்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டர், 24 வரை என்றால் இரண்டு டாக்டர் என்று 2021 திருத்தம் எண்ணி எண்ணிச் சொல்கிறது. அந்த 73 பேருக்கு டாக்டர் யார்? சிஸ்டர் யார்? "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டவர் யார்?

பெரும்பாலும் என்ன நடக்கிறது, நமக்குத் தெரியாதா? ராத்திரி எட்டு மணிக்குக் கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் இல்லாத மருந்துக்கடையாகப் பார்த்துப் போகிறான். பேப்பர் கவரைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருகிறான். மேஜையில் வைக்கிறான். "உன் இஷ்டம்" என்கிறான். டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். குழாயைத் திறந்துவிடுகிறாள், சத்தம் வெளியே கேட்கக்கூடாதே! பிள்ளைகள் "அம்மா, எவ்ளோ நேரம்?" என்று கதவைத் தட்டுகின்றன. மறுநாள் காலையில் அவள்தான் டிபன் பாக்ஸ் கட்டுகிறாள்.

முதல் வரிசை அண்ணே, உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் "ஆண்களுக்குக் கருத்தே வேண்டாம்" என்றதும் நம்மில் பல பேருக்கு ஏன் அப்படி ஒரு குஷி? "எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்ல மேடையிலிருந்தே லைசென்ஸ் கிடைத்துவிட்டதே! சகோதரி, நீங்கள் ஆண்களை அடிப்பதாக நினைத்து அடித்தீர்கள். நீங்கள் திறந்துவிட்டது அவர்கள் தப்பித்து ஓடும் கதவை. அதனால்தான் உங்கள் கேள்விக்கு அத்தனை ஆண்கள் தட்டினார்கள், பக்கத்தில் இருந்தவர் தட்டவில்லை.

மணி அடிக்கப் போகிறீர்கள், பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்று.

"கலைத்தவர்களுக்கெல்லாம் மனநோய் வரும் என்று பயமுறுத்துவார்கள்" என்று பேராசிரியர் எங்களைக் கேலி செய்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. பிறகு விசாரித்தபோது நிம்மதியாக இருக்கிறோம் என்று பல பெண்கள் சொன்ன ஆய்வுகள் இருக்கின்றன. இருக்கட்டும். எந்த ஆய்விலும் வராத ஓர் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதே மாதிரி ஒரு மேடை. கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் போகாமல் தூணோரம் நின்றார். எழுபது வயது இருக்கும். பக்கத்தில் போனேன். "எனக்கு ரெண்டு பசங்க தம்பி. நடுவுல ஒண்ணு இருந்துச்சு" என்றார். "அப்ப வீடு கட்டிக்கிட்டிருந்தோம். ரூஃப் போடக் காசில்ல. இப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. போயிட்டு வந்தா. மறுநாள் சித்தாளுங்களோட சேர்ந்து செங்கல் நனைச்சுக்கிட்டிருந்தா. அதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லையாம். ஒரு தடவைகூட. பையன்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் ஆனது. பேரனுக்கு முதல் பிறந்தநாள். வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, பலூன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாராம்: "அதுக்கு இப்ப முப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும்."

"எதுக்குடி?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பொறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இவருக்கு உறைத்திருக்கிறது. "அவ மறந்துட்டான்னு நெனச்சேன் தம்பி. வருஷா வருஷம் வயசு கூட்டிக்கிட்டே வந்திருக்கா. அதே வீட்ல, அதே ரூஃப்புக்குக் கீழ, எம்பக்கத்துலதான் படுத்திருந்தா. ஒரு நாள் நானும் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அவகிட்ட நான் என்ன தம்பி சொல்லணும்?"

நடுவர் அவர்களே, மேடையில் எதைக் கேட்டாலும் மூன்று பதில் கையில் வைத்திருக்கிறவன் நான். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "வீட்டுக்குப் போங்க அய்யா, போய் அவங்க பக்கத்துல உக்காருங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த அம்மாவுக்கு மனநோய் இல்லை. நன்றாக வாழ்ந்தார், வீட்டைக் கட்டினார், பிள்ளைகளை ஆளாக்கினார். அவரிடம் யாராவது ஃபாரத்தோடு போய்க் கேட்டிருந்தால் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேர் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை! இது குடும்பத்தைக் காத்ததா நடுவர் அவர்களே? அந்த வீட்டுக்கு ரூஃப் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மாடியும் எடுத்துவிட்டாராம்.

அடித்துவிட்டீர்கள் மணியை. தத்தெடுப்பைப் பற்றி இரண்டு செய்தி மீதி இருக்கிறது, எங்கள் அணித் தலைவர் அதைப் பார்த்துக்கொள்வார். வக்கீல் தம்பிக்கு இடம் விடுகிறேன், பாவம், கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள் அய்யா. நன்றி, வணக்கம்.